பூஜ்யத்துக்குக் கீழே மடை இல்லை

முதல் கணக்கில் தவறிவிட்டேன்.
அமிகாசின் ஊசி போட்டுக்கொண்ட
நாற்பத்தோரு பேரின் ரத்தம்
திருவாரூரிலிருந்து தஞ்சாவூருக்கு
ஐஸ் பெட்டியில் வந்தது,
நீடாமங்கலம் கேட்டில் ஒரு சரக்கு ரயிலுக்காக
முக்கால் மணி நேரம் வியர்த்து.

சராசரியோடு கூட்டியும் கழித்தும்
ஆளுக்கு ஆள் வேறுபாட்டை எழுதினேன்.
கணினி உண்டாக்கிய ஆயிரம் ஆட்களில்
நாற்பத்தேழு பேரின் சிறுநீரகம்
மருந்தை வெளியேற்றவில்லை,
சுரந்தது.

பரிசோதனைக் கூடத்து ஞானசௌந்தரி சிரித்தாள்.
அவளுக்கு முத்துப்பேட்டைப் பக்கம், கடைமடை.
உங்கள் ஊருக்குத் தண்ணீர் எப்படி வரும் என்றேன், சும்மாதான்.
"கல்லணையில பங்கு. அந்தப் பங்குல பங்கு வெண்ணாத்துல.
அதுல பங்கு கோரையாறு, அதுல வாய்க்கா.
எங்க வயலுக்கு ஒரு வருஷம் கொட்டும்,
ஒரு வருஷம் ஈரம் மட்டும் வரும்.
ஆனா எங்க வயல்லேர்ந்து மேட்டூருக்கு
ஒரு சொட்டும் திரும்பிப் போனதில்ல மேடம்."

அன்றிரவு கூட்டலை எடுத்துவிட்டுப்
பெருக்கலை வைத்தேன்.
மடக்கையில் பார்த்தால்
பாதி வேகத்தில் வெளியேற்றுபவரும்
இருமடங்கு வேகத்தில் வெளியேற்றுபவரும்
நடுவிலிருந்து ஒரே தூரம்.
யாரும் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கவில்லை.

மணிக்கு மூன்று லிட்டர் என்று வந்தது.
அதுதானே சராசரி, என்றார் துறைத்தலைவர்.
இல்லை சார். பாதிப் பேர் அதற்கு மேலே, பாதிப் பேர் கீழே.
சராசரி மூன்று புள்ளி ஆறு;
மேட்டில் நிற்கும் நாலைந்து பேர்
அதைத் தங்கள் பக்கம் இழுத்துவிட்டார்கள்.
அவர் மணி பார்த்தார்.

வைரக்கண்ணுவைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.
நடவு நாள். ஒரே ஒரு குழாய் ரத்தம் கொடுத்துவிட்டு
பஸ் பிடித்தவர்.
சரியாகத் தெரியாத ஆளை நடுவுக்கு இழுப்பது
இந்தக் கணக்கின் சுபாவம்.
இரண்டு புள்ளி எட்டு என்றது அவரை.
ஊசியின் அளவு மாறவில்லை.

நான்காம் வாரம் காதைத் தொட்டுக் காட்டினார்:
"உள்ள பம்ப்செட் ஓடுது.
கரண்ட் போனாலும் நிக்க மாட்டேங்குது."

ஐந்து முறை ரத்தம் எடுத்தோம்.
மணிக்கு ஒரே ஒரு லிட்டர்.
அதிசயம் ஒன்றுமில்லை.
நாற்பத்தோரு பேரில் ஒருவர்
அந்த ஓரத்தில் நிற்பார் என்று
என் வளைகோடே வரைந்திருந்தது,
பெயர் போடாமல்.

ஊசியை நிறுத்தினோம்.
அறிக்கையில் இரண்டு புள்ளி எட்டை அடித்துவிட்டு
ஒன்று என்று எழுதினேன்.
இன்னும் வருகிறார், சளிப் பரிசோதனைக்கு.
நான் உரக்கப் பேசுகிறேன்.
அவர் என் உதட்டைப் பார்க்கிறார்.