எண்பத்தேழு

எல் ஆல்ட்டோவில் எங்கள் பள்ளிக்கு
வெப்பமானி ஒன்றே ஒன்று. பிள்ளைகள் நாற்பத்தொரு பேர்.
அதனால் எடுத்தவுடன் அடுப்பைப் பற்றவைப்பதில்லை.
முதலில் ஊகம்.

"தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கும்?
துண்டுத் தாளில் எழுது, மடி, காலுறைக்குள் செருகு.
பக்கத்தில் இருப்பவனிடம் காட்டாதே,
என்னிடமும்தான்."
காலுறை சும்மா வேடிக்கைக்கு.
ஆனால் பந்தயம் கட்டியவன்
குதிரையை விட்டுக் கண்ணெடுக்க மாட்டான்.

அடுப்பு என் சமையலறையிலிருந்து வந்தது. பானையும்.
ஜன்னலுக்கு வெளியே கேபிள் கார்கள்
ஒவ்வொன்றாய் லா பாஸுக்குள் இறங்கின.
உள்ளே ஐந்தைந்து பேராய் வந்து
சிவப்புக் கோட்டைப் படித்துப் போனார்கள்.

அன்றிரவு நோட்டுகளைத் திருத்த உட்கார்ந்தேன்.
நூறு.
நூறு.
தொண்ணூற்றொன்பது, கொஞ்சம் கூச்சத்தோடு.
நூறு.
முப்பத்திரண்டாம் பக்கத்தில் புத்தகம் சொன்னது, அச்சுப் பிசகாமல்.
ஆனால் ஒவ்வொரு நூறுக்கும் அடியில்
தாள் மெலிந்திருந்தது.
விளக்குக்கு நேரே பிடித்தேன்.
ரப்பர் தேய்த்த தழும்பில்
எண்பத்தேழு.
எண்பத்தேழு.
எண்பத்தாறு என்று ஒன்று.

கண்ணால் கண்டதை
நாற்பத்தொரு பேரும் தேய்த்திருக்கிறார்கள்.
யார் கற்றுக்கொடுத்தது என்று கேட்க
அந்த வீட்டில் என்னைத் தவிர ஆளில்லை.

மறுநாள் வகுப்பு வாசலில்
காலி பிஸ்கட் டின்னோடு நின்றேன்.
எல்லா ரப்பரும் அதில் விழுந்தது.
"இனிமேல் பேனா. தப்பென்று தோன்றினால்
ஒற்றைக் கோடு. அடியில் இருப்பது தெரிய வேண்டும்."
பலகையில் 87 என்று எழுதிவிட்டு
வாயை மூடிக்கொண்டேன்.

அதுதான் கடினம்.
ஏழு விநாடி, எட்டு.
பத்தாவதில் பதில்
தும்மலைப் போல மூக்கு நுனிக்கு வந்துவிடும்.
சாக்பீஸை இறுகப் பிடித்துக்கொள்வேன்.
பதினான்காவதில் யோசெலின் தார்கி,
வருஷம் முழுக்க வாயே திறக்காதவள்,
"காரானாவியில் அத்தை வீட்டில்
கிழங்கு சீக்கிரம் வெந்துடும்" என்றாள்.
"இங்கே தண்ணீர் குதிக்கும், கிழங்கு கல்லாவே இருக்கும்."
"அது விறகு அடுப்பு," ரிம்பெர்.
"கேஸ்தான்."
"கிழங்கு வேற ரகம்."
"இங்கேருந்து கொண்டுபோன கிழங்கு!"
நான் மேஜைமேல் உட்கார்ந்து
நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
இப்படியொரு சண்டை நடக்கும்போது
ஆசிரியர் செய்யக்கூடிய உருப்படியான வேலை அதுதான்.

வெள்ளிக்கிழமை அந்த ஒற்றை வெப்பமானியைக்
கம்பளித் துண்டில் சுற்றி யோசெலினிடம் கொடுத்தனுப்பினேன்.
தலைமையாசிரியருக்குத் தெரியாது.
இரண்டு இரவும் தூக்கமில்லை:
மினி பஸ், மலைச்சரிவு, கண்ணாடிக் குழாய்.

திங்களன்று அவள் பையிலிருந்து முதலில் வந்தது
அத்தை வீட்டில் இறுக்கி மூடிய காலி பாட்டில்,
வயிறு புடைத்து.
பிறகு வெப்பமானி, முழுசாக.
"தொண்ணூற்றெட்டு."
வகுப்பு கூரையைப் பிளந்தது.
அவள் மட்டும் உட்காரவில்லை.
"அங்கேயும் நூறு இல்லை, டீச்சர்.
அப்போ நூறு எங்கேதான் இருக்கு?"

கடலோரத்தில், என்றேன்,
அந்தச் சொல் இங்கே எப்படி விழும் என்று தெரிந்தே.
கடலைப் போரில் தோற்ற தேசம்.
மார்ச் வந்தால் இதே பிள்ளைகள்
அதற்காகச் சீருடையில் அணிவகுப்பார்கள்.
"அப்போ," ரிம்பெர் எழுந்தான்,
"நம்ம நூறையும் அவங்கதான் வெச்சிருக்காங்களா?"
சிரித்து முடிக்க நேரமாயிற்று.
அப்புறம்தான் காற்றைப் பற்றிப் பேசினோம்,
தலைக்கு மேல் அது எவ்வளவு கனம்,
பாட்டில் ஏன் புடைத்தது என்று.

நவம்பரில் மாவட்டத் தேர்வு. பதினோராம் கேள்வி:
நீரின் கொதிநிலை என்ன? நான்கு கட்டங்கள்.
பெரும்பாலோர் நூறைக் குறித்துவிட்டார்கள்.
மதிப்பெண் வேண்டுமே, நானும் தடுக்கவில்லை.
யோசெலின் எந்தக் கட்டத்தையும் தொடவில்லை.
ஓரத்தில், பேனாவால், ஒரே சொல்:
எங்கே?

விடைக்குறிப்பு இடப்பக்கம் கிடக்கிறது.
சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றி
பதினான்கு விநாடி
எப்போதோ தாண்டிவிட்டது.