நாலாம் பாகத்தில் செத்துப்போகிறவன்

உப்பரசனை உங்களுக்குத் தெரிந்திருக்காது.
தொடரில் மூன்று பாகம் வருவான்,
நாலாம் பாகத்தில் மழையில் கரைந்து செத்துப்போவான்.
எனக்கு அவனைத்தான் பிடிக்கும்.

கதாநாயகியின் தலைமுடி
கொழும்பிலிருந்து வரவேண்டும், ஒன்பதாயிரம்.
வில்லனுக்கு வேண்டியதெல்லாம்
பாண்டிருப்புக் கடற்கரையில் சும்மா கிடக்கிறது.

மீன்வாடியில் உடைந்த ரெஜிபோம் பெட்டி ஐந்து கேட்டேன்.
"எதுக்குப் புள்ள?" என்றார் சம்மாட்டி.
"கெட்டவனாகப் போறன்."
ஆறாகத் தந்தார்.

மூன்று நாள் சவர்க்காரம், ஒரு நாள் தேசிக்காய்.
சூரைமீன் போகவில்லை.
சனிக்கிழமை பார்மசி அரைநாள்.
பின்னேரம் முழுக்கக் கத்தியைச் சுடவைத்து வெட்டினேன்,
புகை தொண்டையில் நின்றது.
"என்னகா இது, வீடெல்லாம் சோறு கொட்டின மாதிரி"
என்று அம்மா கூட்டினா.
கூட்டக் கூட்ட வெள்ளை மணிகள்
விளக்குமாற்றிலேயே ஒட்டிக்கொண்டன.

தோளில் முள்ளுக்கு
இருமல் பாணிப் போத்தல் மூடிகள், இருநூற்றுப் பதினேழு.
சாய்ந்தமருதில் ஓட்டோக்களுக்கு நிறமடிக்கிற இஸ்ஸத்
வெள்ளி நிறத்தை நேரே விசிறினான்.
இடது தோள் எங்கள் கண்முன்னே உருகி
ஓட்டையாகிப் போனது.
"கதைப்படி சரிதானே" என்றான்.
அட, அவனும் பார்த்திருக்கிறான்.
மிச்சத்துக்குப் பசை பூசிக் காயவிட்டு அடித்தோம்.

கடைசியாக முகம்.
உப்பரசன் உப்புச்சாக்கால் முகம் மூடுவான்.
கண்ணுக்கு இரண்டு ஓட்டை,
வாய் கிடையாது.
ஐம்பது கிலோச் சாக்கொன்றை உதறி
எழுத்துள்ள பக்கத்தை உள்ளே திருப்பி
இரண்டு வட்டம் வெட்டி
போட்டுக்கொண்டு கூடத்துக்கு வந்தேன்.

அப்பா செய்தி பார்த்துக்கொண்டிருந்தார்.
திரும்பினார்.
கத்தவில்லை, ஒன்றும் விழுந்து உடையவில்லை.
எழுந்து கிணற்றடிக்குப் போனார்.
வாளி இறங்கும் சத்தம் கேட்டது.
ஏறும் சத்தம் கேட்கவில்லை.

தொண்ணூறு என்றால்
நான் பிறக்க இன்னும் பதினொரு வருசம் கிடந்தது.
சாக்கு முகத்துக்கு அப்போது ஒரு பெயர் இருந்ததாம்.
எங்கள் வீட்டில் அந்தச் சொல்லை எடுப்பதில்லை.

இரவு, நான் முள் ஒட்டிக்கொண்டிருக்க,
கதவடியில் நின்று சொன்னார்:
"மூக்குக்கும் ஓட்டை போடு.
உள்ளுக்க வேர்த்தா சாக்கு வந்து ஒட்டும்.
மூச்செடுக்கேலா."

உள்ளுக்க.

வரிசையில் நின்றவர் அப்பா என்றுதான்
இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்.
யாரும் அப்படிச் சொன்னதில்லை.
நானாக நினைத்தது.

கேட்கவில்லை.
மூக்குக்கு ஓட்டை போட்டேன்.

மட்டக்களப்பு பஸ்ஸில்
கவசத்துக்கும் ஒரு டிக்கெட் எழுதினான் கொண்டக்டர்.
களுவாஞ்சிகுடியில் ஏறின மனுசி
மூக்கைச் சுருக்கி, "மீன் ஆர்ர?" என்றா.
நான் யன்னலால் வெளியே பார்த்தேன்.

மண்டபத்தில் அறுபது பேர், மின்விசிறி மூன்று.
நாயகர்கள் பதினாறு பேர் இருந்தார்கள்,
அதில் நாலு பேரிடம் ஒரே கடையில் வாங்கிய ஒரே வாள்.
என்னோடு படம் எடுக்க வரிசை நின்றது.
ஒவ்வொருவராக முன்னால் வந்தார்கள்,
ஓட்டைக்குள்ளால் பார்த்தேன்,
போனார்கள்.

ஆறு வயசிருக்கும் ஒரு பொடியன்
என் கவசத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு
அண்ணாந்து கேட்டான்:
"அங்கிள், நீங்க கெட்டவனா?"

உப்பரசன் பேசுவதில்லை.
என்ன செய்கிறேன் என்று தெரிவதற்குள்
தலை ஆடிவிட்டது,
மேலும் கீழும், ஒருதரம்.

அவன் சந்தோசமாக அடுத்த வில்லனைத் தேடிப் போனான்.
நான் அப்படியே நின்றேன்.
சாக்கு நனைந்து கன்னத்தில் ஒட்டியிருந்தது.
மூக்கடியில் மட்டும்
கொஞ்சம் காற்று வந்தது.