கார்த்திகையில் கிளியர் கோட்

காலையில் கம்ப்ரஸரின் அடித்திருகைத் திறந்தால்
ஒரு சொம்புத் தண்ணீர்.
மூணாறு தலைப்பில் பிரிந்தது போக
மிச்ச வெண்ணாறு எங்கள் காற்றுக்குள்தான் ஓடுகிறது.
வடிக்காமல் கன்னைப் பிடித்தால்
கதவு முழுக்கக் கொப்புளம்.

நாடிமுத்துவின் கார்.
கொரடாச்சேரி வளைவில் டிரெய்லர் உரசி
இடப்பக்கக் கதவு இரண்டும் போச்சு.
"புதன்கிழமை பொண்ணழைப்பு.
ஞாயித்துக்கிழமை ராத்திரி வண்டி வாசல்ல நிக்கணும்."
சொல்லிவிட்டுக் கிளம்பினார்.
நீடாமங்கலம் கேட் போட்டிருந்தது.
திறக்கும்வரை
திரும்பத் திரும்ப வந்து அதையே சொன்னார்.

பட்டி தெட்சிணா வேலை.
ஒரே அப்பாக அப்பமாட்டான்,
மெலிசு மெலிசாய் மூன்று.
எண்பதாம் தாள், நூற்றெண்பது, முன்னூற்று இருபது.
கதவுக்குக் காய்ச்சலா என்று பார்ப்பதுபோல்
உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பான்.

ப்ரைமர் காய்ந்ததும்
எண்ணூறு தாளும் தண்ணீரும் என் பங்கு.
கலர் கலப்பதும் நான்தான், பதினோரு வருஷமாய்.
வெள்ளியில் நீலம் ஒரு துளி,
நீலத்துக்குள் கறுப்பு, துளியிலும் துளி.
கன் மட்டும் என் கைக்கு வந்ததில்லை.
யாரும் மறுக்கவில்லை,
யாரும் நீட்டவுமில்லை.

தெட்சிணா மாலை போட்டிருந்தான்.
செருப்பில்லாக் காலுக்கு
ஏற்கெனவே ஒரு சண்டை முடிந்திருந்தது.
இப்போது பத்தொன்பது நாள் தாடி.
மாஸ்க் மாட்டிக் கன் எடுத்தவனிடம்
"சாமி, கொஞ்சம் நில்லுங்க" என்றேன்.
இரண்டு கார்ட்ரிட்ஜையும் கையால் பொத்தி
"மூச்சை இழுங்க."
ரப்பர் கன்னத்தைக் கவ்வியிருக்க வேண்டும்.
தாடிக்குள் புஸ்ஸென்று காற்று.

"ஐயப்பன் பாத்துக்குவான்."
"அவர் மலையைப் பாத்துக்குவார் சாமி,
ஹார்டனர் நெஞ்சைப் பாக்கும்."

தின்னராவது நாறும்,
நாறி எச்சரிக்கும்.
இது சத்தமில்லாமல் உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளும்.
வலங்கைமான் அந்தோணிசாமி
இப்போது டீக்கடை வைத்திருக்கிறார்.
பெயிண்ட் அடித்த வண்டி வாசலில் நின்றாலே
அவருக்கு இளைப்பு.

தாடியை எடு என்று சொல்ல எனக்கு வாயில்லை.
சொன்னாலும் எடுக்கமாட்டான்.
கேட் போட்டார்கள்.
சரக்கு ரயில் ஒன்று
நாற்பது பெட்டி நெல்லோடு போகும்வரை
இருவரும் பேசவில்லை.
பிறகு கன்னைத் திருப்பிப் பிடியை நீட்டினான்.
"உனக்குத் தாடி இல்லையே."

நல்லவேளை, அன்று தலைக்கு எண்ணெய் வைக்கவில்லை.
ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் போதும்
கிளியரில் மீன்கண் மீன்கண்ணாய் விழ.
தூசு எழாமல் தரைக்குத் தண்ணீர் தெளித்தேன்.
கையுறை, கண்ணாடி.
போன் வெளியே, தீப்பெட்டி வெளியே,
தெட்சிணாவும் வெளியே.
எக்ஸாஸ்ட் இரைந்தது.
ரப்பர் கன்னத்தைக் கவ்வ
என் மூச்சு எனக்கே கேட்டது,
யாரோ பக்கத்தில் தூங்குவதுபோல்.

ஒரு சாண் தூரம்.
அடித்ததில் பாதியின்மேல் அடுத்தது.
முதல் கோட் ஆறக் கால்மணி.
இரண்டாவதில்
கதவின் கீழ்முனையில் கை ஒரு நொடி நின்றுவிட்டது.
ஒழுகல். கட்டைவிரல் நீளம்.
தொடக்கூடாது. துடைக்கக்கூடாது.
காய்ந்த பிறகு இரண்டாயிரம் தாளில்தான் அதோடு பேச்சு.
இன்றைக்குப் பார்க்க மட்டும்.

வெளியே வந்தால்
தெருவெல்லாம் கார்த்திகை விளக்கு.
எங்கள் வாசல் மட்டும் இருட்டு.
எங்கள் அகல்களை
ரோட்டுக்கு அந்தப்பக்கம், வாய்க்கால் மதகின்மேல்
ஏற்றி வைத்திருந்தான் தெட்சிணா,
காற்று எங்கிருந்து வருகிறதென்று பார்த்து.
வயலிலிருந்து வந்த பச்சைப்பூச்சி அத்தனையும்
அங்கே மொய்த்தது.
ஒன்றுகூட எங்கள் ஈரக் கதவுக்கு வரவில்லை.

கேட்டுக்கு அப்பால் நாடிமுத்து நின்று
வண்டி எங்கே என்று கை காட்டினார்.
"செவ்வாய்க்கிழமை!" என்று கத்தினேன்.
மாஸ்க்கைக் கழற்ற மறந்திருந்தேன்.
தலையாட்டிவிட்டுச் சந்தோஷமாகப் போனார்.