பாதி போதும்

தாராவியில் பால்வாடி மாடி. செவ்வாய் மூன்று மணி,
இட்லி அண்டாக்களைக் கழுவிக் கவிழ்த்த நேரம்.

மல்லாந்து படுங்க என்றேன்.
முதுகில் எந்த இடம் தரையைத் தொடலைன்னு பாருங்க.
"முதுகுலயா கண்ணு இருக்கு?" என்றாள் இசக்கி.
சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரமானது.

வலது தோள், மெதுவாகக் காதுப் பக்கம்.
வலிக்கும் முன்னே நிறுத்துங்க. பாதி போதும்.

ஜெபக்கனி எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.
"பாதிக்கு எவ டீச்சர் காசு குடுப்பா?"

என்னிடம் பதில் இல்லை.
கீழே தோல் பட்டறையின் மெஷின் மட்டும்
விட்டு விட்டுத் தைத்தது.

போனால் போகிறதென்று மறுபடி படுத்தாள்.
தோளை நகர்த்தப் பார்த்தாள். நகர இடமில்லை.
"நீங்க சொல்லுமுன்னமே இது மேலதான் நிக்கி,"
அடுப்பை அணைக்காமல் வந்துவிட்டவள் குரலில்.
பதினெட்டு வருடம் தலைச்சுமையைப் பிடித்த கை;
அண்டாவை இறக்கியாயிற்று என்று
தோளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

அன்றைக்கும் அது இறங்கவில்லை.
ஒரு நெல்மணி அளவு இருக்கலாம், அவ்வளவுதான்.

புதன் காலை, சந்து முனையில் அண்டாவோடு அவள்.
ரெண்டு இட்லி போதும் என்றேன்.
நாலு வைத்தாள்.
"பாதியெல்லாம் மாடியிலதான்."