இரண்டு நூல்

மூன்று இடத்தில் அளக்கணும் என்றார் இர்ஷாத்:
மேலே, நடுவே, கீழே.
டேப்பை நான் பிடித்தேன். கை நழுவியதும்
சடாரென்று தன் டப்பாவுக்குள் ஓடிப்போயிற்று.
மறுபடி.

மேலே இருபத்தேழரை அங்குலம்.
நடுவில் இருபத்தேழு.
கீழே இரும்பு நிலை துருப்பிடித்து உப்பியிருந்தது.
சுரண்டிவிட்டு வைத்துப் பார்த்தால்
இருபத்தேழுக்கு இரண்டு நூல் குறைவு.

தில்ஷாத் கார்டனில் மூன்றாவது மாடி,
இருபத்திரண்டு வருஷம்,
தினமும் நாலைந்து தடவை நுழைந்த வாசல்.
கோணல் என்று யாருக்குத் தெரியும்?

எது குறைச்சலோ அதுதான் கணக்கு.
அதிலும் பக்கத்துக்கு ஒரு ஸூத் விடணும் என்றார்,
மழைக்காலத்தில் மரம் ஊதும்.
ஸூத்:
தமிழ்க் காதுக்குக் கொஞ்சம் கூசும் சொல்.
அவர் பாஷையில் அது நூல்,
அங்குலத்தில் எட்டில் ஒன்று.
நாசரேத்தில் என் மாமா மகன் மரக்கடையிலும்
அதே எட்டில் ஒன்று, அதே நூல்.
தில்லிக்கு வந்து
நான் மொழிபெயர்க்க வேண்டியிராத முதல் வார்த்தை
ஒரு குளியலறைக் கதவில் கிடைத்தது.

கீர்த்தி நகரில் கதவுகள்
சீட்டுக்கட்டு போலச் சாய்ந்து நிற்கின்றன.
இருபத்தேழு, முப்பது, முப்பத்துமூன்று.
நம் வாசலுக்கென்று எதுவும் இல்லை.
பிவிசி வாங்குங்க, ஈரம் தாங்கும் என்றார் லூத்ரா.
இழைக்க முடியுமா?
முடியாது மேடம், உள்ளே வெற்று அறைகள்.
அப்படியானால் மரம். இருபத்தேழு.
பக்கத்துக்கு இரண்டு நூல் இழைத்தால் போதும்.
ஓரக்கட்டை முக்கால் அங்குலம்,
அதற்குமேல் சீவினால் கதவின் வயிறு தெரியும்.

எந்தப் பக்கம் திறக்கும்? என்றார்.
வெளியே.
நிமிர்ந்து பார்த்தார்.
கதவில் வழிகிற தண்ணியெல்லாம் கூடத்தில் சொட்டுமே.
சொட்டட்டும்.

பழசு உள்ளே திறந்தது.
பிப்ரவரியில் ஒரு புதன், காலை ஆறே கால்,
அஞ்சு அங்குலம் திறந்து நின்றது.
அதற்கு மேல் அதிசயராஜ்.
தாழ்ப்பாள் போட்டிருக்கவில்லை.
அவர் தோள்தான் தாழ்ப்பாள்.
தள்ளினால் அவருக்கு வலிக்கும்.
தள்ளாமல் நின்றேன்.
இடுக்கு வழியே ஒரு கையும்
திறந்தே கிடந்த குழாயும் தெரிந்தன.
எதிர்வீட்டு பல்பீர் கடப்பாரையோடு வந்து
கீல் பக்கம் பிளக்க முப்பது நிமிஷம்.
டாக்டர் பிறகு அந்த முப்பதைத்தான்
திரும்பத் திரும்பக் கேட்டார்.

வியாழக்கிழமை வீட்டுக்கு வருகிறார்.
பிசியோதெரபி அறையில் யாரும் பார்க்காதபோது
வாக்கரை அளந்தேன்: இருபத்துநாலு.
கதவை முழுசாய்த் திறக்க
வாஷிங் மெஷின் விடாது.
செங்கோணத்தில் நிற்கும் கதவின் கனம் ஒன்றேகால்.
போக, மிச்சம் இருபத்தைந்தரை.
பக்கத்துக்கு ஆறு நூல்.
விரல் முட்டி இடிக்கும்.
இடித்தால் திட்டுவார்.
திட்டட்டும், வலது பக்க உதடு
எவ்வளவு திரும்பியிருக்கிறதென்று தெரியும்.

கீல்களை வெட்டி மறுபக்கம் ஒட்ட
வெல்டருக்கு எண்ணூறு.
இழைப்புச் சுருள்களை நான் கூட்டினேன்.
கதவு ஏறியது, மூடியது,
கீழே அரை அங்குலம் வெளிச்சம் விட்டது.

போனில் அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்,
ஒவ்வொரு எழுத்தாய்ப் பொறுக்கி:
தா... தாழ்ப்பாள்... இருக்கா?
இருக்கு என்றேன்.
உள்ளே பார்க்க அது சாதாரணத் தாழ்ப்பாள்தான்.
வெளியே ஒரு சின்னக் கீறல்.
அதில் நாணயத்தைச் செருகித் திருப்பினால் திறக்கும்.
அதை நான் சொல்லவில்லை.

இர்ஷாத் சட்டைப்பையைக் கவிழ்த்து
ஒவ்வொன்றாய்ப் போட்டுப் பார்க்கிறார்.
ஒரு ரூபாய் ஆடுகிறது.
ஐந்து நுழையவே இல்லை.
இரண்டு ரூபாய் கச்சிதம்.
அவர் கண்ணில் படாமல்,
என் கைக்கு எட்டுகிற மாதிரி
அதை எங்கே வைப்பது?