கொண்டை ஊசி

குன்னூரிலிருந்து இறங்கும்போது காது அடைக்கும்.
இருபத்தொரு வருஷமாக அடைக்கிறது.
எச்சில் விழுங்கினால்
பர்லியாருக்குள் திறந்துவிடும்,
'டப்' என்று, விரல் சொடுக்கியதுபோல.
அப்புறம் ஆறு கேட்கும்,
குரங்குகள் கேட்கும்,
சில்லறைக்குச் சண்டை போடும் போஜன் கேட்பான்.

அன்றைக்கு எனக்குச் சளி.
மேட்டுப்பாளையம் வந்து சேர்ந்தும்
வலது காது மட்டும்
மலையிலேயே நின்றுவிட்டது.

வராத கொட்டாவியை வரவழைத்தேன்.
கடலை மிட்டாய் மென்றேன்.
அழுக்குதான் அண்ணே, என்றான் போஜன்.

டேஷ்போர்டில் கிடந்தது அது.
ட்ரிப் முடிந்ததும் சீட்டுக்கடியில்
அவன் பொறுக்கிவைக்கும் சாமான்களோடு:
ஒற்றைச் செருப்பு, டிபன் மூடி,
யாருடையது என்று தெரியாத ஒரு கொண்டை ஊசி.

வளைவுக்கு அந்தப் பெயர் வைத்தவன்
காதுக்குள் எட்டிப் பார்த்திருக்க மாட்டான்.
உள்ளேயும் ஒரு வளைவு உண்டு.
தடுப்புச் சுவர் கிடையாது.
முதலில் சுகமாகத்தான் இருந்தது, கண் சொருகியது.
அப்போது பார்த்து ஒரு தும்மல்.

காலரில் ஒரு சொட்டு ரத்தம்.

எதனால இப்படி ஆச்சு, என்றார் டாக்டர் ஷெரின்.
கொண்டை ஊசி, என்றேன்.
எத்தனையாவது வளைவு, என்றார்,
ஆக்ஸிடென்ட் என்று நினைத்து.

சவ்வில் மிளகளவு ஓட்டை.
விட்டுவைத்தால் தானாக மூடும்.
விட்டுவைப்பதுதான் கஷ்டம் என்றார்:
தண்ணீர் போகக் கூடாது,
பூண்டு காய்ச்சின எண்ணெய் கூடவே கூடாது,
பட்ஸ் கூடாது, கோழி இறகு கூடாது,
மூக்கை அழுத்திச் சிந்தக் கூடாது.
குளிக்கும்போது வாசலின் தடவின பஞ்சு.
'குறும்பி அழுக்கு இல்லீங்க, காவல்.
ஷிப்ட் முடிஞ்சா அதுவே நடந்து வெளியே வரும்.'

நாலாம் நாள் டூட்டிக்குப் போய்விட்டேன்.
லீவு இல்லை, வேறென்ன.

பத்தாவது வளைவில்
மூன்றடிக்கு மேல் தெரியாத மூட்டம்.
ஒரு ஹாரன்.
சத்தம் கேட்டது, திசை கேட்கவில்லை.
மேலேயா, கீழேயா,
எனக்குப் பின்னாலேயேவா?
ஒரு காது போதும் கேட்பதற்கு.
எங்கே என்று சொல்ல
இன்னொன்று வேண்டியிருக்கிறது.
வண்டியை ஓரங்கட்டி
ஐம்பத்திரண்டு பேரோடு உட்கார்ந்திருந்தேன்,
ஓர் உருளைக்கிழங்கு லாரி
மூட்டத்திலிருந்து மூக்கை நீட்டி
உரசாமல் கடந்து போகும்வரை.

டிப்போவில் நானாகவே சொன்னேன்.
எழுதித் தரச் சொன்னார்கள்.
எழுதினேன்.

பதினோரு வாரம் டைம் கீப்பர் அறை.
வண்டிச்சோலை வீட்டில் பிலோமி
இடப்பக்கம் வந்து பேசப் பழகினாள்.
என்னைத் திட்ட வேண்டுமென்றால் மட்டும்
வலப்பக்கம் போய்த் திட்டிக்கொள்வாள்,
எங்கள் அம்மாவையும் சேர்த்து,
மெதுவாக, திருப்தியாக,
கேரட்டைச் சீவியபடி.

ஒரு நாள் அந்தப் பக்கத்துக்கு
நான் பதில் சொல்லிவிட்டேன்.
இரண்டு பேரும் விழித்தோம்.
கேரட் உருண்டு கதவுவரை போனது,
அந்தச் சத்தமும் கேட்டது.

ஷெரின் டாக்டர் உள்ளே பார்த்து
மூடிவிட்டது என்றார்.
இஞ்சின் பக்கத்துக் காது கொஞ்சம் மந்தம்,
அது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றுங்கள்,
அந்த ஏர் ஹாரனைக் குறையுங்கள் என்றார்.
குறைத்திருக்கிறேன். கொஞ்சம்.

நேற்று இறங்கும்போது
முன்சீட்டில் ஒரு கைக்குழந்தை வீறிட்டது.
தாய் வயிற்றைத் தடவுகிறாள்,
பைக்குள் ஓமத்தண்ணீர் தேடுகிறாள்.
வயிறு இல்லைம்மா, காது, என்றேன்
ரோட்டிலிருந்து கண்ணெடுக்காமல்.
பால் குடு. விழுங்கட்டும்.

நானும் எச்சில் விழுங்கினேன்.
அதற்குத்தான் முதலில் திறந்தது.