குருநகர் உஸ்பெக்

ஐஸ் பக்டரியில் என்னை
உஸ்பெக் என்றுதான் கூப்பிடுவார்கள்.
றெக்சன் என்பது
சம்பளத் துண்டிலும்
ஞானஸ்நானப் பதிவிலும் கிடக்கிற பெயர்.

போகும்போது சங்கம் பனர் அடித்தது.
சிங்கம் என்று போட ஒருவருக்கும் மனமில்லை.
புலி என்று போடப் பயம்.
இரவு பதினொரு மணிக்கு
யூட் அண்ணை கொட்டாவி விட்டபடி சொன்னார்,
"சுறா எண்டு போடுங்கோடா."

குருநகர்ச் சுறா தாஷ்கண்டில் இறங்கியது
ஐம்பத்திரண்டு கிலோவுக்கு
முந்நூறு கிராம் கூடுதலாக.
போத்தலுக்குள் துப்பித் துப்பியே இறக்கினேன்.
ஹோட்டல் வாசலில் ஒருத்தி
வண்டிச் சில்லளவு ரொட்டிகளை,
நடுவில் முத்திரை குத்தி எள்ளுத் தூவியவற்றை,
அடுக்கிக்கொண்டிருந்தாள்.
மணத்தைக்கூட விழுங்காமல் கடந்தேன்.

பிறகு அவன்.
ஓய்பெக் தூர்திமுரோதோவ்.
அறிவிப்பாளர் அந்தப் பெயரைச் சொல்லி முடிக்குமுன்
நான் இரண்டு தரம் சிலுவை போட்டுவிட்டேன்.
முதல் சுற்றில் என்னைப் பார்த்தான், அவ்வளவுதான்.
இரண்டாவதில்
அந்த இடது கை எங்கிருந்து வந்தது என்று
இன்றைக்கும் தேடுகிறேன்.
நடுவர் எட்டு வரை எண்ணினார்.
ஒன்பதைச் சொல்லவில்லை. கையை ஆட்டினார்.

அடுத்த நாள் கலரியிலிருந்து
மூக்கில் பஞ்சோடு
அவனுக்காகக் கத்தினேன், தொண்டை கிழிய.
அவன் வென்றால்
என் தோல்விக்கு விலை ஏறும்.
ஒரு கசாக் பெடியன்
மூன்று சுற்றும் அவனை மூலையில் வைத்தே வெளுத்தான்.
வெளியே வந்து அந்த ரொட்டியை வாங்கி
முழுசாய்த் தின்றேன்.

இதை ஊரில் சொல்லவில்லை.
சொன்னது வேறு:
அவன் கையால் விழுந்தவர்களில்
அதிக நேரம் நின்றவன் நான்.
வருடத்துக்கு ஒரு தரம் அவனை உயர்த்தினேன்.
ஆசியச் சம்பியன் ஆக்கினேன்.
ஒலிம்பிக்குக்கு அனுப்பினேன்.
வெண்கலம் காணும் என்றுதான் நினைத்திருந்தேன்,
மீன் எடுக்க வந்த ஆள் கேட்டபோது
வாய் வெள்ளி என்று சொல்லிற்று.

போன மாதம் யூட் அண்ணையின் மகள்
போனில் அவனைத் தேடிப் பிடித்தாள்.
அந்தக் கசாக் சண்டைதான்.
இத்தனை வருடத்தில் பார்த்தவர்கள்
நாற்பத்தேழு பேர்.
ஓடவிட்டாள். கடைசி மணி மட்டும் பார்த்தாள்.
என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.
போன் பக்டரிக்குள் கை மாறி மாறிப் போனது.
பின்னேரம் நூற்றிப் பத்து.

எங்கேயோ அவனும் இப்போது
பாரம் இறக்கிக்கொண்டிருக்கலாம்,
முலாம்பழமோ சீமெந்தோ.
கடலே இல்லாத அந்த நாட்டில்
அவனுக்கு எப்படித் தெரியும்,
இங்கே பெட்டி தூக்கும் பெடியங்கள்
பகிடிக்கு இடது கை ஓங்கும்போது
அவன் பெயரைச் சொல்லித்தான் ஓங்குகிறார்கள் என்று.
முன் பாதியை மட்டும்.
மற்றப் பாதி ஒருவர் வாயிலும் நுழையாது,
என் வாயைத் தவிர.

"உஸ்பெக், லொறி வந்திட்டுது."

வாறன்.